கூட்டுப்பொருள் வானூர்திப் பழுதுபார்ப்பாளர்

கூட்டுப்பொருள் வானூர்திப் பழுதுபார்ப்பாளர் என்பவர், கண்ணாடியிழை, கார்பன் இழை, அராமிட் இழை போன்றவற்றைப் பிசினில் தோய்த்துக் கட்டப்பட்ட வானூர்திகளில் ஏற்படும் சேதங்களைக் கண்டறிந்து, அப்பகுதிகளை முன்னிருந்த வலிமைக்கும் வடிவத்துக்கும் மீட்டுத் தரும் தொழில்நுட்பவியலாளர் ஆவார். தன்மையில் வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து, தனித்தனியே அவற்றுக்கு இல்லாத பண்புகளைப் பெறும் பொருளே கூட்டுப்பொருள் எனப்படுகிறது. இங்கு இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் நிறுத்தி, ஓர் இழையின் சுமையை மற்றோர் இழைக்குக் கடத்துகிறது.

உலோக வானூர்திகளைப் பழுதுபார்ப்போர் பெரும்பாலான சிறு வானூர்தி நிலையங்களில் கிடைப்பர். கூட்டுப்பொருளில் தேர்ந்தவர்கள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இத்தொழிலுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. உலோகத் தகட்டில் அடிக்கப்பட்ட தறையாணியைப் பார்த்து, வேலை நன்றா தீதா என்று மற்றொரு தொழிலாளி பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி முடிக்கப்பட்ட கூட்டுப்பொருள் ஒட்டுவேலையின் வலிமையை வெளியிலிருந்து அளந்து சொல்லும் நம்பகமான முறை இன்றுவரை இல்லை. எனவே வேலையைச் செய்தவர் யார், எந்த ஆவணத்தின்படி செய்தார், செய்யும்போது எவற்றைப் பதிவு செய்தார் என்பவையே அப்பழுதுபார்ப்பின் தரத்துக்குச் சான்றாக அமைகின்றன.

பின்னணி

கண்ணாடியிழைக் கூட்டுப்பொருளால் கட்டப்பட்ட முதல் கிளைடர் ஜெர்மனியின் எஃப்.எஸ். 24 ஃபீனிக்ஸ் ஆகும். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் பறத்தல் குழுவில் உருவான இது 1957 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இரு கண்ணாடியிழை உறைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து இதன் உடல் அமைக்கப்பட்டிருந்தது. 1960களில் கிளாஸ்ஃப்ளூகல் நிறுவனத்தின் லிபெல்லே போன்ற கிளைடர்கள் தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்யப்பட்டன. மர இறக்கையில் பெற முடியாத வழவழப்பும் துல்லியமான குறுக்குவெட்டு வடிவமும் கண்ணாடியிழையில் கிடைத்ததால், சில ஆண்டுகளிலேயே போட்டிக் கிளைடர்கள் ஏறத்தாழ அனைத்தும் இப்பொருளுக்கு மாறின.

பொறி பொருத்திய வானூர்திகளில் இம்மாற்றம் மெதுவாகவே வந்தது. டெக்சாசைச் சேர்ந்த லியோ விண்டெக்கர் என்ற பல் மருத்துவர் உருவாக்கிய விண்டெக்கர் ஈகிள், 1969 இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தின் சான்றிதழைப் பெற்றது. ஆயினும் மிகச் சிலவே கட்டப்பட்டன. 1975இல் பர்ட் ருட்டான் பறக்கவிட்ட வேரிஈசி, 1979இல் வந்த லாங்-ஈசி ஆகியவற்றின் வரைபடங்களை வாங்கி, ஆர்வலர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே கூட்டுப்பொருள் வானூர்திகளைக் கட்டினர். அச்சு எதுவும் இன்றி, சூடான கம்பியால் நுரைக்கட்டியை அறுத்து வடிவமைத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் பிசினால் ஒட்டுவது ருட்டானின் முறையாகும். 1998இல் சிர்ரஸ் எஸ்.ஆர். 20, லேன்செர் கொலம்பியா 300 ஆகிய இரண்டும் சான்றிதழ் பெற்றன. ஆஸ்திரியாவின் டைமண்ட் நிறுவனமும் டி.ஏ. 20, டி.ஏ. 40 போன்ற பயிற்சி வானூர்திகளை இதே பொருளில் செய்தது.

இவ்வரலாறு பழுதுபார்ப்பாளரைத் தேடுபவருக்கு நேரடியாகப் பயன்படுவதாகும். கூட்டுப்பொருள் வேலையில் மிக நீண்ட அனுபவம் பெற்றவை பெரிய விமானப் பணிமனைகள் அல்ல, கிளைடர் பணிமனைகளே. வயலில் இறங்கி வேலியில் மோதுவது, தரையில் சுழன்று வால்பகுதி முறிவது போன்றவை கிளைடர் பறத்தலில் அவ்வப்போது நேர்பவை. ஆதலால் முறிந்த உடலையும் கிழிந்த இறக்கையையும் சீர்செய்யும் கலை அங்கேதான் வளர்ந்தது.

சேதத்தின் இயல்பு

அலுமினியத் தகட்டில் அடி விழுந்தால் அது குழியும். குழிவே அடியின் அளவைக் காட்டிவிடும். கூட்டுப்பொருள் உறை அவ்வாறு குழிந்து நிற்பதில்லை. அடி விழுந்தவுடன் வளைந்து, மீண்டும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். நடுவிலுள்ள நுரையோ தேன்கூட்டு அமைப்போ நொறுங்கியிருக்கலாம். வெளியே வண்ணப்பூச்சில் ஒரு கீறல் மட்டுமே தெரியும். கீழே விழுந்த கருவி, கொட்டகைக் கதவு, இழுவை வண்டி ஆகியவற்றால் ஏற்படும் இத்தகைய சேதம் பொறியியலில் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மோதல் சேதம் எனத் தனியாக வகைப்படுத்தப்படுகிறது. கார்பன் இழை கண்ணாடியிழையைவிட விறைப்பானது. முறியும்போது திடீரென முறியக்கூடியது. எனவே அதில் இவ்வகைச் சேதம் கூடுதல் கவனத்துக்குரியது.

அமெரிக்க நிர்வாகம் 2009இல் வெளியிட்ட கூட்டுப்பொருள் கட்டமைப்பு பற்றிய அறிவுரைச் சுற்றறிக்கை சேதங்களை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகை, கண்டறியப்படாமல் போனாலும் வடிவமைப்பு தாங்கக்கூடிய சிறு சேதமாகும். ஐந்தாம் வகை, வடிவமைப்பில் கணக்கில் கொள்ளப்படாத நிகழ்வால் வருவது. தரை வண்டி ஒன்று வானூர்தியில் பலமாக மோதுவது இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகைச் சேதத்தில், மோதியவர் அதை உடனே தெரிவிப்பதே முதல் பாதுகாப்பு. வெளியே அடையாளம் இல்லை என்று எவரும் பேசாமல் இருந்துவிட்டால், அடுத்துப் பறப்பவருக்கு அதை அறியும் வழி இல்லை.

சேதத்தைத் தேடும் முறைகளில் மிகப் பழையதும் இன்றும் வழக்கில் உள்ளதும் தட்டிப் பார்க்கும் சோதனையாகும். நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ உறையை வரிசையாகத் தட்டிக்கொண்டே சென்றால், நல்ல பகுதி தெளிவாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. ஆயினும் உறையின் தடிப்பு மாறும் இடங்களிலும் உள்ளே சட்டம் ஒட்டப்பட்டுள்ள இடங்களிலும் ஒலி இயல்பாகவே மாறும். அவ்வேறுபாட்டைப் பிரித்தறியப் பழகிய காது வேண்டும். மீயொலிச் சோதனையும் வெப்பப் படமெடுத்தலும் மேலும் நுட்பமானவை. கிளைடர்களின் வெளிப்புற ஜெல் பூச்சில் தோன்றும் வெடிப்புகளைப் படிப்பதும் ஒரு தனித் திறமையாகும். வயதால் வரும் வெடிப்புகள் பூச்சோடு நின்றுவிடலாம். ஒரு புள்ளியிலிருந்து விண்மீன் போலப் பரவும் வெடிப்பு அங்கே அடி விழுந்ததைக் குறிக்கும்.

சேதம் தெரியும் இடத்தில் மட்டும் தேடுவது போதாது. இறக்கை நுனி தரையில் இடித்தால், அவ்விசை ஸ்பார் எனப்படும் நெடுஞ்சட்டம் வழியாக இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குச் செல்கிறது. நுனியில் சிறு சிராய்ப்பும் அடியில் பெரிய முறிவும் இருப்பது அரிதன்று. தேர்ந்த பழுதுபார்ப்பாளர் முதலில் விசை சென்ற வழியைப் பின்தொடர்கிறார். அதற்குப் பின்னரே ஓட்டையின் அளவை எடுக்கிறார்.

பழுதுபார்க்கும் முறை

சேதமடைந்த பகுதியை வெட்டி நீக்கிய பின்னர், ஓட்டையின் விளிம்பு மிக மெல்லிய சரிவாகத் தேய்க்கப்படுகிறது. புதிய அடுக்குகள் அச்சரிவின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று அகலமாக ஒட்டப்படுகின்றன. பழைய இழையும் புதிய இழையும் முனையோடு முனை சேர்வதில்லை. பிசின் வழியாகவே சுமை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. இதற்கு அகலமான பரப்பு தேவை. சரிவின் விகிதத்தை உற்பத்தியாளரின் கையேடு குறிப்பிடும். பொருளுக்கும் இடத்துக்கும் ஏற்ப இது 20 மடங்கிலிருந்து 50 மடங்கு வரை வேறுபடலாம். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள உறையில் 50 மடங்கு சரிவு வேண்டுமெனில், ஓட்டையைச் சுற்றிலும் 50 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேய்க்க வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை இவ்வாறு 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேலையாகிவிடுகிறது. செலவு மதிப்பீட்டைக் கண்டு உரிமையாளர்கள் வியப்படைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஒவ்வோர் அடுக்கிலும் இழை செல்லும் திசை மூல அடுக்கின் திசையோடு பொருந்த வேண்டும். இறக்கை உறையில் இழைகள் பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் அமைந்து முறுக்கு விசையைத் தாங்குகின்றன. நெடுஞ்சட்டத்தில் அவை நீளவாக்கில் அமைந்து வளைவு விசையைத் தாங்குகின்றன. திசை மாறினால் தடிப்பு சரியாக இருந்தும் வலிமை இராது. கண்ணாடியிழை இருந்த இடத்தில் கூடுதல் வலிமைக்காகக் கார்பன் இழையை ஒட்டுவதும் தவறாகும். விறைப்பான ஒட்டு சுமையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்; முறிவு அதன் விளிம்பில் தொடங்கும். மேலும், கண்ணாடியிழை உடல்களில் வானொலி அலைவாங்கியை உள்ளேயே பொருத்துவது வழக்கம். மின்கடத்தியான கார்பன் அதன்மேல் வந்தால் வானொலி செயல் குன்றும்.

எப்பாக்சி பிசினும் கெட்டியாக்கியும் எடை பார்த்துக் குறித்த விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். விரைவில் இறுகட்டும் என்று கெட்டியாக்கியைக் கூட்டினால் எப்பாக்சி வலிமை குன்றிவிடும். ஒட்டப்படும் பரப்பு உலர்ந்ததாகவும், எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் ஆகியவை படாததாகவும் இருக்க வேண்டும். பழைய வண்ணத்தை வேதிக் கரைப்பான் கொண்டு நீக்கினால் அது பிசினையே தாக்கக்கூடும் என்பதால், அதைத் தேய்த்தே எடுக்கின்றனர். அடுக்குகளின்மேல் வெற்றிடப் பையை விரித்துக் காற்றை உறிஞ்சுவதால் அவை ஒன்றோடொன்று சீராக அழுந்துகின்றன. அறை வெப்பத்தில் இறுகிய பின், குறித்த வெப்பநிலையில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவதும் பல பிசின்களுக்குத் தேவை. இதைச் செய்யாத ஒட்டு, வெயிலில் நிற்கும் வானூர்தியில் மென்மையடையக்கூடும். பல கிளைடர்களின் கட்டமைப்பு ஏறத்தாழ 54 பாகை செல்சியஸ் வெப்பநிலை வரையே வலிமைச் சான்று பெற்றது. கூட்டுப்பொருள் வானூர்திகள் பெரும்பாலும் வெண்ணிறத்தில் இருப்பதற்குக் காரணமும் இதுவே. எனவே பழுதுபார்த்தபின் அடர்நிறப் பட்டை தீட்டுவதுகூடக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது.

கட்டுப்பாட்டுப் பரப்புகளில் வேலை செய்வது மேலும் கடினமானது. எய்லரான், சுக்கான், ஏற்றி ஆகியவற்றின் எடையும் கீலைச் சுற்றிய எடைச் சமநிலையும் கையேடு குறிக்கும் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். கீலுக்குப் பின்னால் சில பத்துக் கிராம் பிசினும் வண்ணமும் கூடினாலே எல்லை மீறப்படலாம். அப்போது வேகம் மிகும்போது அப்பரப்பு தானே படபடத்து, சில நொடிகளில் பிய்த்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. இப்பரப்புகளை வேலைக்குப் பின் எடைபோட்டுக் குறிப்பெழுதாத பணிமனை தன் வேலையை முடித்ததாகக் கருத முடியாது.

மின்னல் பாதுகாப்பும் கவனிக்கப்பட வேண்டியதாகும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. 1999 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் அருகே ஏ.எஸ்.கே. 21 வகைக் கிளைடர் ஒன்று மின்னலால் தாக்கப்பட்டு வானிலேயே சிதறியது. அதிலிருந்த இருவரும் வான்குடை மூலம் உயிர் தப்பினர். கருவிகளைக் கொண்டு மேகத்துள் பறக்கச் சான்று பெற்ற கூட்டுப்பொருள் வானூர்திகள் சிலவற்றில் உறைக்குள் மெல்லிய உலோக வலை பதிக்கப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும்போது அவ்வலை அறுபட்டால், புதிய வலையைப் பழையதோடு மின்தொடர்பு ஏற்படுமாறு இணைக்க வேண்டும். வண்ணம் பூசியபின் வலை இணைந்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது.

காணப்படாத பிழை

ஒட்டுவேலையில் இரு பரப்புகளும் நெருங்கித் தொட்டுக்கொண்டிருந்தும் வலிமையாகப் பற்றாமல் இருக்கக்கூடும். தட்டும் சோதனையும் மீயொலிச் சோதனையும் இடைவெளியைத்தான் காட்டும்; இடைவெளி இல்லாத வலுவற்ற ஒட்டை அவற்றால் உறுதியாகக் கண்டறிய இயலாது. இதனால்தான் கூட்டுப்பொருள் தொழிலில் முடிந்த பொருளைச் சோதிப்பதைவிடச் செய்யும் முறையைக் கண்காணிப்பது முதன்மை பெறுகிறது.

தொழிற்சாலைகளிலேயே இது தவறியதுண்டு. 2010 டிசம்பரில் செஸ்னா நிறுவனத்தின் கார்வாலிஸ் வகை வானூர்தி ஒன்றை, உற்பத்திக்குப் பிந்திய ஏற்புச் சோதனையின்போது அரசுத் துறை விமானி ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது இடது இறக்கையின் உறை ஏறத்தாழ 7 அடி, அதாவது 2 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு, முன் நெடுஞ்சட்டத்திலிருந்து பிரிந்தது. வானூர்தி பத்திரமாகத் தரையிறங்கியது. மெக்சிக்கோவின் சிவாவா நகரிலிருந்த தொழிற்சாலையில் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருந்ததால் ஒட்டு முழுமையாக இறுகவில்லை என்று கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம் கூறியது. 2011 செப்டம்பரில் அந்நிறுவனத்துக்கு ஏறத்தாழ 24 இலட்சம் டாலர் தண்டம் விதிக்க அது முன்மொழிந்தது. அச்சும் அளவைக் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள தொழிற்சாலையிலேயே ஈரப்பதம் இவ்வளவு செய்யுமாயின், மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் செய்யப்படும் வேலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உரிமமும் தகுதியும்

ஐக்கிய அமெரிக்காவில் உடலமைப்பு உரிமம் பெற்ற வானூர்தி மெக்கானிக் கூட்டுப்பொருள் வேலையையும் சட்டப்படி செய்யலாம். ஆனால் ஒரு வேலையை முன்னர் ஒருமுறையேனும் நிறைவாகச் செய்திராத மெக்கானிக், அவ்வேலையை மேற்பார்வையிடவோ அதற்குப் பின் வானூர்தியைப் பறக்க ஒப்புதல் அளிக்கவோ கூடாது என்று விதி பொதுவாகக் கூறுகிறது. எனவே உரிமம் என்பது தொடக்கத் தகுதி மட்டுமே. வலிமையைப் பாதிக்கும் பெரிய பழுதுபார்ப்புகள் பொதுவாக 337 என்ற எண்ணுடைய படிவத்தில் பதிவாகி, சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக்காலோ அங்கீகாரம் பெற்ற பணிமனையாலோ ஒப்பமிடப்பட வேண்டும். பணிமனைகளுக்கான தகுதி வகுப்புகளில் சிறு வானூர்திகளின் கூட்டுப்பொருள் கட்டமைப்பு தனி வகுப்பாக உள்ளது.

பழுதுபார்ப்பு எந்த ஆவணத்தின்படி நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. கையேட்டில் உள்ள எல்லைக்குள் சேதம் அடங்கினால் அதன்படியே செய்யலாம். எல்லையை மீறினால் உற்பத்தியாளரின் பொறியியல் பிரிவோ, நிர்வாகத்தால் நியமிக்கப்பட்ட பொறியியல் பிரதிநிதியோ தனியாகப் பழுதுபார்ப்பு வடிவமைப்பைத் தர வேண்டும். பல மெக்கானிக்குகளின் கையில் உள்ள ஏ.சி. 43.13-1பி என்ற 1998ஆம் ஆண்டுப் பொதுக் கையேடு, உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் இல்லாதபோது, காற்றழுத்தம் ஊட்டப்படாத பகுதிகளுக்கு மட்டுமே உரியது. அதிலுள்ள கண்ணாடியிழை இயலும் சுருக்கமானது. தற்காலக் கார்பன் இறக்கையை அதைக்கொண்டு சீர்செய்ய முனைபவரிடமிருந்து விலகுவது நன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் வேறுபாடு உரிமத்திலேயே இடம்பெற்றுள்ளது. 2018ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஏற்படுத்திய எல் வகை உரிமத்தில், கூட்டுப்பொருள் கிளைடர்களுக்கு எல்1சி, கூட்டுப்பொருளால் ஆன பொறியுள்ள கிளைடர்களுக்கும் சிறு வானூர்திகளுக்கும் எல்2சி என உட்பிரிவுகள் உள்ளன. தேடுபவருக்கு இம்முறை எளிதானது. உரிமத்தைப் பார்த்தாலே அவர் எப்பொருளில் வேலை செய்யலாம் என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் கட்டிய வானூர்திகளின் நிலை வேறு. ஐக்கிய அமெரிக்காவில் அவற்றை எவரும் பழுதுபார்க்கலாம். ஆண்டுச் சோதனைக்கு மட்டும் அதற்கான சான்று பெற்ற கட்டியவரோ, உரிமம் பெற்ற மெக்கானிக்கோ தேவை. இச்சுதந்திரம் வசதியானது, அதேசமயம் இதன் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் மேல் விழுகிறது. கட்டியவரிடமிருந்து விலைக்கு வாங்கியவருக்கு, உள்ளே எந்தப் பிசின், எந்த நுரை, எத்தனை அடுக்கு என்பதுகூடத் தெரியாமல் போகலாம். கட்டியவர் எழுதிவைத்த பதிவேடும் ஒளிப்படங்களும் இங்கே பெருமதிப்புடையவை.

தேடும் வழிகள்

தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருக்கும் வகை எனில், உற்பத்தியாளர் அங்கீகரித்த சேவை மையத்திலிருந்து தேடலைத் தொடங்குவது வழக்கம். ஆயினும் பொறி, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றில் தேர்ந்த சேவை மையம் கட்டமைப்பு வேலையிலும் தேர்ந்ததாக இருக்கும் என்று கொள்ள முடியாது. பெரிய சேதங்களை அவை பெரும்பாலும் வேறு பணிமனைக்கு அனுப்புகின்றன. அப்பணிமனை எது என்று தொடக்கத்திலேயே கேட்டறிவது காலத்தை மிச்சப்படுத்தும்.

தொழிற்சாலை மூடப்பட்ட வகைகளுக்கும் சில வேளைகளில் ஆதரவு தொடர்கிறது. லிபெல்லேயைச் செய்த கிளாஸ்ஃப்ளூகல் 1982இல் மூடப்பட்டது. அதன் கிளைடர்களுக்கான தொழில்நுட்பப் பொறுப்பை ஜெர்மனியின் ஸ்ட்ரைஃபெனெடர் பணிமனை ஏற்றுள்ளது. எதிர்மாறான எடுத்துக்காட்டு பீச்கிராஃப்ட் ஸ்டார்ஷிப். 53 மட்டுமே கட்டப்பட்ட இந்த இரட்டைப் பொறிக் கூட்டுப்பொருள் வானூர்திகளுக்குச் சேவை செய்வது கட்டுப்படியாகாது என்று கூறி, 2003 முதல் அந்நிறுவனமே அவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கத் தொடங்கியது.

ஒரே வகை வானூர்தியை வைத்திருப்போரின் சங்கங்கள் மிகப் பயனுள்ள வழியாகும். யாருடைய இறக்கை எங்கே சீராயிற்று, ஐந்தாண்டு கழித்து அது எப்படி இருக்கிறது என்பதை உரிமம் சொல்லாது, உரிமையாளர்கள் சொல்வர். ஐக்கிய அமெரிக்காவில் 1953இல் தொடங்கப்பட்ட பரிசோதனை வானூர்திச் சங்கம், வீட்டில் வானூர்தி கட்டுவோருக்குத் தன்னார்வத் தொழில்நுட்ப ஆலோசகர்களைக் கொண்டுள்ளது. பிரித்தானியாவில் இலகு வானூர்திச் சங்கத்தின் ஆய்வாளர்களும், கிளைடர்களுக்குப் பிரித்தானியக் கிளைடிங் சங்கத்தின் ஆய்வாளர்களும் இவ்வகையில் உதவுகின்றனர். அருகில் கிளைடர் கழகம் இருந்தால், அதன் கிளைடர்களைச் சீர்செய்பவர் யார் என்று கேட்பது பல வேளைகளில் மிகக் குறுகிய வழியாக அமைகிறது. பொறி பொருத்திய சான்றளிக்கப்பட்ட வானூர்தியில் அவர் வேலை செய்யலாமா என்பதைமட்டும் உரிமத்தைக்கொண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நல்ல பணிமனை தொலைவில் இருப்பது இயல்பே. கிளைடரைக் கழற்றி இழுவைப் பெட்டியில் ஏற்றிச் செல்லலாம். இறக்கை உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்ட வானூர்திக்கு இது அரிது. அங்கே பழுதுபார்ப்பாளர் வெப்பப் போர்வை, வெற்றிடக் கருவி ஆகியவற்றோடு தாமே வர வேண்டும். அல்லது தற்காலிகச் சீரமைப்புக்குப் பின் அரசுத் துறையின் சிறப்பு அனுமதி பெற்று ஒருமுறை மட்டும் பறந்து சென்று சேர வேண்டும். நெடுஞ்சட்டத்தில் ஐயம் இருந்தால் இரண்டாம் வழியை எவரும் நாடலாகாது.

படகு, மகிழுந்து ஆகியவற்றின் கண்ணாடியிழை வேலை செய்பவர்களை நாடும் எண்ணம் உரிமையாளர்களுக்கு எழுவதுண்டு. அவர்களது கைத்திறன் உயர்ந்ததாகவே இருக்கலாம். இடர் பொருளில் உள்ளது. படகுத் தொழிலில் பரவலாகப் பயன்படுவது பாலியெஸ்டர் பிசின். இறுகிய எப்பாக்சியின்மேல் அது நன்றாகப் பற்றாது. மேலும் அதிலுள்ள ஸ்டைரீன், ருட்டான் வகை இறக்கைகளின் உள்ளே இருக்கும் பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். வெளியே அழகாக முடிந்த ஒட்டுக்குக் கீழே நுரை கரைந்து வெற்றிடம் உருவாகியிருக்கும். மறுபுறம், கிளாசேர் போன்ற சில வானூர்திகள் மூலத்திலேயே வினைலெஸ்டர் பிசினால் கட்டப்பட்டவை. ஆகையால் எப்பாக்சி எங்கும் பொருந்தும் என்று பொதுவாகக் கூறுபவரும், எந்தப் பிசினால் கட்டப்பட்டது என்று முதலில் கேட்காதவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

பணிமனையை மதிப்பிடல்

பணிமனையை நேரில் பார்ப்பது பல ஐயங்களைத் தீர்க்கும். வெப்பமானியும் ஈரப்பதமானியும் சுவரில் தொங்குகின்றனவா, அவற்றின் அளவுகள் நாள்தோறும் எழுதப்படுகின்றனவா, பிசின் கலங்களில் காலாவதி நாள் உள்ளதா, எடை பார்க்கும் தராசு எங்கே, தேய்க்கும் இடமும் ஒட்டும் இடமும் தனித்தனியாக உள்ளனவா என்பவை எவரும் கவனிக்கக்கூடியவை. ஒட்டும் மேசைக்கு அருகில் சிலிக்கோன் கலந்த மெருகுத் தைலம் இருந்தால் அது ஒன்றே போதிய எச்சரிக்கையாகும்.

ஒவ்வொரு பிசின் கலவையிலும் சிறிதளவைத் தனியே இறுகவிட்டு மாதிரியாக வைத்திருப்பது நல்ல பணிமனைகளின் வழக்கம். இறக்கையின் ஒட்டை உடைத்துப் பார்க்க முடியாது. அதே கலவையில் செய்த மாதிரியை உடைத்துப் பார்க்கலாம். பிசின் தொகுதி எண், துணியின் வகை, அடுக்குகளின் வரிசையும் திசையும், வெப்பநிலை வரைவு, வண்ணம் பூசுமுன் எடுத்த ஒளிப்படங்கள், இறுதி எடை ஆகியவை அடங்கிய கோப்பு வேலையோடு தரப்பட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும், பின்னாளில் வானூர்தியை வாங்க வருபவருக்கும் இதுவே காட்டத்தக்க சான்று. கோப்பு இல்லாத பழைய ஒட்டைக் காணும் பழுதுபார்ப்பாளர் சிலர், அதை முழுவதும் வெட்டியெடுத்து மீண்டும் செய்யவே விரும்புவர். உரிமையாளருக்கு இது வீண் செலவாகத் தோன்றினாலும், கண்ணால் சரிபார்க்க முடியாத ஒன்றின்மேல் தம் கையொப்பத்தை இட அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு.

பெரிய சேதங்களில், அந்த வகைக்குரிய அச்சு பணிமனையில் உள்ளதா என்பதும் கேட்கத்தக்கது. இறக்கையின் முன்விளிம்பு சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறினாலும் காற்றோட்டம் பாதிக்கப்படும். அச்சு இல்லாத இடத்தில், சேதமடையாத அதே வகை வானூர்தியின்மேல் அச்செடுத்து அதில் புதிய பகுதியைச் செய்துகொள்கின்றனர்.

இந்தியாவில்

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தோடு தொடர்புடையது. ருட்டானின் லாங்-ஈசி வடிவமைப்பைத் தழுவி அங்கே கட்டப்பட்ட இலகு கனார்டு ஆய்வு வானூர்தி 1987இல் பறந்தது. அதே ஆய்வகம் வடிவமைத்த கூட்டுப்பொருள் பயிற்சி வானூர்தியான ஹன்சா 1993 நவம்பரில் முதன்முதலாகப் பறந்து, 2000இல் சான்றிதழ் பெற்றது. பறத்தல் கழகங்களுக்கான ஹன்சா வானூர்திகள் தமிழ்நாட்டின் ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் கட்டப்பட்டன. இதன் புதிய வடிவமான ஹன்சா-என்.ஜி. 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. டைமண்ட் வகை வானூர்திகளையும் இந்தியப் பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்துகின்றன.

பணிமனைகளுக்கும் பொறியாளர்களுக்கும் உரிமம் வழங்குவது குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககமாகும். இதன் விதிகள் பெரும்பாலும் ஐரோப்பிய முறையைத் தழுவியவை. இந்தியச் சூழலில் வெயிலும் பருவமழையும் தனிக் கவனத்துக்குரியவை. கோடையில் வெட்டவெளியில் நிற்கும் வானூர்தியின் உறை, காற்றின் வெப்பநிலையைவிட மிகக் கூடுதலாகச் சூடேறும். பருவமழைக் காலத்திலோ ஈரத்தை உறிஞ்சிய பழைய அடுக்குகளை ஒட்டுவதற்கு முன் நன்கு உலர்த்த வேண்டும். உலர்த்தாமல் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் புதிய அடுக்கைப் பிரித்துவிடும். குளிரூட்டப்பட்டு ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனி அறை, இங்கு ஆண்டின் பல மாதங்களுக்கு இன்றியமையாததாகும்.